பின்சீட்டுப் பெண்

சென்ற இதழில் நாரத்தங்காய் ஊறுகாயைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த இதழில் ஆகாய விமானத்தைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்! ஊறுகாய் ஜாடியை மூடுவதற்குள் விமானம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அது எப்படி என்று சொல்கிறேன்.

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சின்னத் தெரு எங்களுடையது. ஆசிரமத்து மயில்கள் எங்கள் மொட்டை மாடிக்கு வந்து, காயப் போட்ட வடகத்தைக் கொத்திவிட்டுப் போகும். அன்றைக்கும் நான் கையில் கம்போடு மயிலை விரட்டிக் கொண்டிருந்தேன். அப்போது எதிர்வீட்டுப் பெண்மணி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள். அவள் ரோட்டோரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஒரே மகள், இன்ஜினீயரிங் முடித்தவள்.

"அக்கா, நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "நல்ல இடத்துல இருந்து பொண்ணு கேக்கறாங்க. பையன் செய்யாறுல பேங்க்ல வேலை. இவ என்னடான்னா நேவியில ஏதோ வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா. பெங்களூர்ல அஞ்சு நாள் இன்டர்வியூவாம். கல்யாணம் ஆகாதவங்களைத்தான் எடுப்பாங்களாம்."

"என்ன வேலை?"

"பிளேன்ல போற வேலை. சரி, பைலட்டான்னு கேட்டேன். இல்லையாம். பக்கத்துலயோ பின்னாலயோ உக்காந்துக்கறதாம். அப்சர்வராம்! பாத்துக்கிட்டு இருக்கறவங்கன்னு அர்த்தமாம். வேடிக்கை பாக்கறதுக்கா இத்தனை செலவு பண்ணிப் படிக்க வச்சோம்? அவங்கப்பா லாரியில கிளீனர் பையன் உக்காந்து போவானே, அந்த மாதிரிதானே இதுவும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அன்றைக்கு ஒத்துத்தான் ஊதினேன். "பைலட் வேலைன்னாலும் பரவாயில்லை. இதுக்குப் போய் நல்ல சம்பந்தத்தை விடுவாங்களா?" என்று சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலம் அந்தப் பெண் எங்கள் வாசல் வழியாகப் போனபோது என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். எப்போதும் "பெரியம்மா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகிறவள். எனக்குச் சுருக்கென்றது. விஷயம் இன்னதென்று தெரியாமலே வாயை விட்டுவிட்டோமே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நல்ல வேளையாக இரண்டு நாளில் பௌர்ணமி. என் நாத்தனார் மகன் கிரிவலத்துக்கு வந்தான். அரக்கோணத்தில் கடற்படையின் 'ஐ.என்.எஸ். ராஜாளி' விமானத் தளம் இருக்கிறதல்லவா? 1992-ல் தொடங்கிய தளம். அங்கே பல வருஷம் தரையில் விமானங்களைப் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானத்தில் போகிறவர்களை அனுப்பி வைத்தும் வரவேற்றும் பழகியவன். "எதிர்வீட்டம்மாவையும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாங்க அத்தை, நடந்துக்கிட்டே பேசலாம்" என்றான். ஆசிரம வாசலிலிருந்து நாலு பேருமாகக் கிளம்பினோம்.

எம லிங்கம் தாண்டினதும் அவனே பேச்சை எடுத்தான்.

"அக்கா, இந்த மலையைச் சுத்திப் பதினாலு கிலோமீட்டர். எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கம் இருக்கு. எங்கே நிக்கறோம்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம். கடல் மேலே பறக்கறப்போ என்ன இருக்கும் சொல்லுங்க? மேலே வானம், கீழே தண்ணி. அதுவும் ராத்திரின்னா ரெண்டும் ஒண்ணுதான். அங்கே 'நாம இருக்கறது இந்த இடம், போக வேண்டியது இந்தப் பக்கம்'னு சொல்ற ஆளுதான் அப்சர்வர்."

"அதான் இப்போ போன்லயே தெரியுதே தம்பி?"

"தெரியும். செயற்கைக்கோள்ல இருந்து வர சிக்னலை எதிரி கெடுத்துட்டா? கருவி நின்னு போயிட்டா? அதனால கணக்குப் போட்டு வழி கண்டுபிடிக்கவும் சொல்லித் தருவாங்க. நீங்க பரிசல்ல போயிருக்கீங்களா?"

அவள் பிறந்த ஊர் தென்பெண்ணைக் கரை. முகம் மலர்ந்துவிட்டது. "ஓ! சின்ன வயசுல எத்தனையோ தடவை."

"நேரா எதிர்க்கரையைப் பாத்துத் துடுப்புப் போட்டா என்ன ஆகும்?"

"தண்ணி இழுத்துக்கிட்டுக் கீழே கொண்டு போய் விட்டுடும். கொஞ்சம் மேல் பக்கமாப் பாத்துப் போட்டாத்தான் நேரா போய்ச் சேரும்."

"அதேதான் அக்கா! அங்கே தண்ணி, இங்கே காத்து. பக்கவாட்டுல மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல காத்து தள்ளுதுன்னு வைங்க. கவனிக்காம விட்டா ஒரு மணி நேரத்துல நாப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிப்போம். இங்கிருந்து செங்கம் தூரத்தை விட அதிகம். எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை நிமிஷம், காத்து எவ்வளவுன்னு விடாம கணக்குப் பாக்கணும்."

இட்லிக் கடைக்காரி யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது நடையிலேயே தெரிந்தது. எனக்கும்தான்.

வழி சொல்வது முதல் பாடம்தானாம். அதற்கு மேல் நாலைந்து வேலைகள் இருக்கின்றன. ரேடார் திரையில் புள்ளி புள்ளியாகக் கப்பல்கள் தெரியும். எது மீன்பிடிப் படகு, எது சரக்குக் கப்பல், எது தன்னை யாரென்று சொல்லாமல் நழுவுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் நீர்மூழ்கிக் கப்பல் இருந்தால் ரேடாருக்குத் தெரியாது. அதற்காக விமானத்திலிருந்து நீளக் குழாய் மாதிரி ஒரு மிதவையைப் போடுவார்கள். குட்டிப் பாராசூட்டில் அது இறங்கி, கடலில் மிதந்துகொண்டு, கம்பியில் ஒரு 'காதை'த் தண்ணீருக்குள் தொங்கவிடும். அந்தக் காதில் விழும் சத்தமெல்லாம் ரேடியோ வழியாக விமானத்துக்கு வரும். அதில் எது திமிங்கிலம், எது கப்பல் இயந்திரம் என்று சொல்ல வேண்டும். அடுப்படியில் நின்றபடியே கூடத்தில் குழந்தை எதைத் தள்ளிவிட்டது என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறோமே, அந்த மாதிரிக் காது வேண்டும் போலிருக்கிறது!

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, "இந்தப் பக்கம் திருப்பு, இவ்வளவு உயரத்துக்கு இறங்கு" என்று பைலட்டுக்குச் சொல்வதும், தரையோடும் கப்பலோடும் பேசுவதும், யுத்தம் என்றால் ஆயுதத்தை எப்போது போடுவது என்று பார்ப்பதும் இவர்கள் பொறுப்பு. பைலட் விமானத்தைப் பறக்கவைக்கிறார். எதற்காகப் பறந்தார்களோ அந்தக் காரியத்தை நடத்துவது அப்சர்வர். அந்தப் பயணத்துக்கே தலைமைப் பொறுப்பு அப்சர்வரிடம் வருவதும் உண்டாம்.

"அப்போ கிளீனர் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கிளீனரைத்தான் அப்படி லேசா நினைச்சுட முடியுமா? ஏலகிரி வளைவுல லாரியைப் பின்னால எடுக்கறப்போ உங்க வீட்டுக்காரர் யாரு பேச்சைக் கேட்டு ஸ்டீயரிங் பிடிக்கறாரு?"

அவள் வாயைத் திறக்கவில்லை. பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

'அப்சர்வர்' என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரில் விமானத்துக்கு முக்கிய வேலையே மேலிருந்து எதிரியின் நடமாட்டத்தைப் பார்ப்பதுதான். ஓட்ட ஒருவர், பார்க்க ஒருவர். அப்படி வந்த பெயர். பிரிட்டிஷ் விமானப் படையில் 1942-ல் அதை 'நேவிகேட்டர்' என்று மாற்றிவிட்டார்கள். கடற்படைகளில் பழைய பெயரே நின்றுவிட்டது. நம் கடற்படையிலும் அதே. நம் விமானப் படையிலும் பைலட் அல்லாமல் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் ஹினா ஜெய்ஸ்வால் என்ற பெண் அதிகாரி விமானப் படையின் முதல் பெண் ஃப்ளைட் இன்ஜினீயராகத் தேர்ந்தார்.

அடி அண்ணாமலை வந்ததும் ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். பாதம் எரிந்தது. சுக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் ராஜாளிக் கதையைச் சொன்னான். அங்கே ரஷ்யாவிலிருந்து வந்த 'டி.யு.142' என்ற பிரம்மாண்டமான விமானங்கள் இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறிகள், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றுமாம். 1988-ல் நம் நாட்டுக்கு வந்து, கோவாவில் இருந்துவிட்டு 1992-ல் அரக்கோணம் சேர்ந்தவை. 29 வருஷம் உழைத்துவிட்டு 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அவற்றில் ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

டி.யு.142 போனபின் அந்த வேலை 'பி-8ஐ' விமானங்களுக்கு வந்தது. அமெரிக்காவின் போயிங் கம்பெனி செய்தது. முதல் விமானம் அரக்கோணத்தில் இறங்கியது 2013 மே மாதம். அடுத்த ஆண்டே, காணாமல் போன மலேசிய விமானத்தைத் தேடுகிற பணிக்குப் போய் வந்தது. பைலட்டுகள் இரண்டு பேர் முன்னால் இருந்தால், திரைகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அதற்கு மேல் இருப்பார்களாம். "மூக்குல இருக்கறவங்களை ஊருக்குத் தெரியும். வயித்துல இருக்கறவங்களை யாருக்கும் தெரியாது, அத்தை" என்றான். எனக்கு எங்கள் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பொம்பளைப் பிள்ளைங்களை எடுக்கறாங்களா, இல்ல இவதான் முதல்லயா?" என்று கேட்டாள் தாய்.

இப்போது பெண்ணே பதில் சொன்னாள். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த விவரம் போலிருக்கிறது, மடமடவென்று வந்தது. 2009 நவம்பரில் சீமா ராணி சர்மா, அம்பிகா ஹூடா என்ற இரண்டு பேர்தான் கடற்படையின் முதல் பெண் அப்சர்வர்கள். ஆனால் தரையிலிருந்து கிளம்பித் தரைக்கே திரும்புகிற விமானங்களில்தான் பெண்களை அனுப்பினார்கள். கப்பலில் தங்குவதற்குத் தனி அறை, தனிக் குளியலறை வசதி இல்லை என்பது ஒரு காரணம். பாருங்கள், எங்கே போனாலும் கடைசியில் குளியலறையில்தான் வந்து நிற்கிறது நம் கதை! 2020 செப்டம்பர் 21-ல் குமுதினி தியாகி, ரீதி சிங் என்ற இருவர் கப்பல் தளத்திலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர்களுக்கு முதல் பெண்களாகத் தேர்ந்தார்கள். 2022 ஆகஸ்ட் 3-ல் போர்பந்தரிலிருந்து ஒரு டார்னியர் விமானம் அரபிக்கடலைக் கண்காணிக்கப் போனது. தலைமை ஆஞ்சல் சர்மா, பைலட்டுகள் ஷிவாங்கி, அபூர்வா கிதே, ரேடாரும் மற்றக் கருவிகளும் பார்த்தவர்கள் பூஜா பாண்டா, பூஜா ஷெகாவத். ஐந்து பேரும் பெண்கள்!

படிப்பு எப்படி என்று நான் கேட்டேன். தேர்வானால் முதலில் கேரளத்தில் கண்ணூர் பக்கம் எழிமலையில் கடற்படை அகாடமி. பிறகு கொச்சியில் 'ஐ.என்.எஸ். கருடா' தளத்திலுள்ள அப்சர்வர் பள்ளி. வழி கண்டுபிடிப்பது, பறக்கும் முறைகள், வான்போர் உத்தி, நீர்மூழ்கியைத் தேடுவது, கருவிகளைக் கையாள்வது, எல்லாம் வகுப்பிலும் வானத்திலும் சொல்லித் தருவார்கள். கடைசியில் சட்டையில் சிறகுப் பதக்கம் குத்துவார்கள்.

எல்லாம் கேட்டுக் கொண்டிருந்த தாய், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"விழுந்தா?"

என் நாத்தனார் மகன் பேசவில்லை. மகள்தான் பேசினாள்.

"விழுந்திருக்கும்மா. 2015 மார்ச் 24 ராத்திரி. கோவா பக்கத்துக் கடல்ல, பயிற்சிக்குப் போன டார்னியர். கிரண் ஷெகாவத்னு ஒரு அப்சர்வர். அந்த வருஷம் ஜனவரி 26-ல டெல்லி அணிவகுப்புல கடற்படைப் பெண்கள் தனி அணியா நடந்தாங்க இல்ல, அதுல நடந்தவங்க. அவங்க அப்பாவும் கடற்படைதான். வீட்டுக்காரரும் கடற்படைதான். கூட இருந்த பைலட் அபினவ் நாகோரியும் போயிட்டாரு. மூணாவது ஆளை மீன்பிடிப் படகுக்காரங்க காப்பாத்தினாங்க. கடமையில உயிர் விட்ட முதல் பெண் கடற்படை அதிகாரி அவங்கதான்."

கூட்டம் "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்று போய்க்கொண்டிருந்தது. எங்கள் திண்ணையில் மட்டும் சத்தமில்லை.

"இதை ஏண்டி முன்னாடியே சொல்லலே?"

"சொன்னா விடமாட்டேன்னுதான்."

"உங்கப்பா லாரி எடுத்துக்கிட்டுக் கிளம்பறப்போல்லாம் நான் பயந்துக்கிட்டுத்தானே இருக்கேன்? போகாதேன்னு என்னைக்காவது சொல்லியிருக்கேனா? எங்கே போறாரு, எந்த வழி, எப்போ திரும்புவாருன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. ஒண்ணும் தெரியாம இருந்தாத்தான் வயித்தைக் கலக்கும்."

அதற்கப்புறம் குபேர லிங்கம் வரை யாரும் பேசவில்லை. ஈசான்ய லிங்கத்தில் விபூதி வாங்கி மகள் நெற்றியில் பூசினாள். "செய்யாறுக்காரங்ககிட்ட இப்போ முடியாதுன்னு சொல்லிடறேன்க்கா. கிடைக்காட்டி அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் என்னிடம். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "கண்ணு, பெரியம்மா அன்னிக்குத் தெரியாம பேசிட்டேன்" என்றேன். அவள் கையை விடாமலே வீடு வரை வந்தாள்.

புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு தாயும் மகளுமாகப் பெங்களூர் போனார்கள். கிடைத்துவிட்டதா என்கிறீர்களா? இல்லை. ஐந்து நாள் தேர்வில் முதல் நாளே பாதிக்கும் மேல் திருப்பி அனுப்புவது சகஜமாம். அவளையும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் திரும்பி வந்தார்கள். பெண் கண் வீங்கியிருந்தது. தாய் கடையில் இட்லித் தட்டை ஏற்றி வைத்துவிட்டு, "அடுத்து எப்போ எழுதலாம்னு கேளு. இந்த தடவை தனியாப் போயிட்டு வா, எனக்குக் கடை இருக்கு" என்றாளாம். பெண் மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

இத்தனைக்கும் நடுவில் என் பங்குக்கு நான் ஒரு காரியம் செய்தேன். இந்த வேலைக்கு விமானப் பணிக்கான தனி வைத்தியப் பரிசோதனை உண்டு என்று கேட்டதும் அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். நினைத்த மாதிரியே ரத்தசோகை! டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு வீட்டில் செய்து வருவதை உங்களுக்கும் சொல்கிறேன். வயசுப் பெண் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஆகும்.

முருங்கைக் கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். கூடவே எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால்தான் அந்த இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கிற வழக்கத்தை விடுங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

பஸ்ஸில் போனால் தலைசுற்றி வாந்தி வருகிற பெண்கள் உண்டு. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். முன்பக்க சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக் கொண்டால் சிலருக்குக் கேட்கும். அப்சர்வர்களுக்குப் பாவம், தூரத்தைப் பார்க்க முடியாது. ஆடுகிற விமானத்தில் திரையைத்தான் பார்க்க வேண்டும். முதலில் பலருக்கும் குமட்டுமாம். பறக்கப் பறக்க உடம்பு பழகிக்கொள்ளும் என்கிறான் என் நாத்தனார் மகன்.

உங்கள் பெண்ணும் நாளைக்கு வாயில் நுழையாத பெயரில் ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பாள். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு முன்னால், என்ன வேலை, எங்கே படிப்பு, என்ன ஆபத்து என்று அவளையே உட்கார வைத்துக் கேளுங்கள். என்னைப் போல முதலில் வாயை விட்டுவிட்டு அப்புறம் பதினாலு கிலோமீட்டர் நடக்காதீர்கள்.

வடகம் காய்ந்துவிட்டது. மயில் சத்தம் கேட்கிறது. வருகிறேன்.